மீந்த கிரில் கோழி: ஒன்றை வைத்து நாலு வேளை

ஞாயிற்றுக்கிழமை இரவு. கடைவாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்த கோழிகளில் ஒன்றை முழுதாக வாங்கி வருகிறோம். வீட்டில் நாலு பேர். லெக் பீஸ் இரண்டும் பிள்ளைகளுக்குப் போய்விடும். இறக்கைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே காலியாகிவிடும். கடைசியில் சில்வர் கவருக்குள் மிஞ்சுவது நெஞ்சுக்கறியும் முதுகும் எலும்புக்கூடும்தான். அதை அப்படியே மடித்து ஃப்ரிஜ்ஜில் வைக்கிறோம். மறுநாள் மாலை எடுத்துப் பார்த்தால் கறி விறைத்துக் கிடக்கிறது, மசாலா கொழுப்போடு சேர்ந்து உறைந்திருக்கிறது, லேசாக ஒரு பழைய வாடை வேறு. சுடவைத்துத் தின்றால் தொண்டையில் அடைக்கிறது. பாதி குப்பைக்குப் போகிறது.

கோழியைச் சொல்லிக் குற்றமில்லை. அதையும் நாம் மீன் குழம்பு மாதிரி நினைத்துவிடுகிறோம். மீன் குழம்பு ஒரு ராத்திரி ஊறினால் ருசி கூடும். புளியும் உப்பும் காரமும் துண்டுக்குள் இறங்க அதற்கு நேரம் வேண்டும். கிரில் கோழி அப்படியில்லை. அடுப்பை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்தே அது இறங்குமுகம்தான். கோழிக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிட இளகலானது, காற்றோடு சீக்கிரம் கலந்து கெடும். கறியில் இருக்கும் இரும்புச்சத்து அதை இன்னும் வேகப்படுத்தும். மறுநாள் சூடாக்கும்போது வரும் அந்தப் பழைய வாடைக்கு இதுதான் காரணம். காற்றுப் படாமல் மூடி வைப்பதும், மிளகு, கிராம்பு, இஞ்சி, கறிவேப்பிலை போன்றவற்றோடு சேர்ப்பதும் அந்த வாடையைக் கட்டுக்குள் வைக்கும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை ஒன்றே ஒன்று. கையில் இருப்பது வெந்த கறி. அதை மறுபடி வேகவைக்கக் கூடாது. மசாலாவை வேகவையுங்கள், கறியைச் சூடு மட்டும் ஏற்றுங்கள். முதன்முதலில் மீந்த கோழியை நான் குழம்பு வைத்தபோது, வெங்காயம் தக்காளி மசாலாவோடு சேர்த்துக் குக்கரில் மூன்று விசில் விட்டேன். திறந்தபோது குழம்பு நன்றாக இருந்தது, கறி தேங்காய் நார் மாதிரி பிரிந்து கிடந்தது. ஒருவரும் தொடவில்லை. இன்று அதே கறியை எல்லாம் முடிந்து இறக்குவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால்தான் சேர்க்கிறேன்.

சாப்பிட உட்காரும் முன்

வேலை மறுநாள் தொடங்குவதில்லை. கோழி வீட்டுக்கு வந்த அந்த ராத்திரியே, இலை போடும் முன்பே தொடங்குகிறது. பொட்டலத்தைப் பிரித்ததும் கோழியை ஒரு பெரிய தட்டில் வைத்து, இன்றைக்கு வேண்டியதைத் தனியே எடுத்துவிடுங்கள். நாளைக்கானதை ஒரு டப்பாவில் போட்டு மூடி அடுக்களையிலேயே வைத்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணம். ஒன்று எச்சில். எல்லாரும் கைவைத்துக் கடித்த எலும்பில் ரசம் வைக்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். முன்னாலேயே பிரித்துவிட்டால் எலும்புக்கூடு எச்சில் படாமல் முழுதாகக் கிடைக்கும். இரண்டாவது நேரம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரிப்பது பத்து நிமிட வேலை. கோழி வெதுவெதுப்பாக இருக்கும்போதே செய்யுங்கள். ஆறிவிட்டால் கறி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். கத்தி அதிகம் வேண்டாம், கைவிரலே போதும். முதலில் தொடையை வெளிப்பக்கமாக வளைத்தால் மூட்டு தானாகக் கழன்றுவிடும். இறக்கையும் அப்படித்தான். பிறகு நெஞ்சு. நடுவில் ஓடும் மேட்டு எலும்பை ஒட்டிப் பெருவிரலை இறக்கி, எலும்போடு உரசியபடியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனால் ஒரு பக்கத்து நெஞ்சுக்கறி முழுசாகக் கையோடு வந்துவிடும். அதற்கு அடியில் விரல் நீளத்துக்கு இன்னொரு தனிச் சதை இருக்கும். அதையும் எடுங்கள். நெஞ்சுக்கறியில் மிருதுவானது அதுதான்.

இப்போது எலும்புக்கூட்டைக் கவிழ்த்துப் போடுங்கள். முதுகில், தொடை சேர்ந்திருந்த இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் எலும்பில் சின்னக் குழி இருக்கும். அந்தக் குழிக்குள் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருநிறமாக ஒரு துண்டுக் கறி உட்கார்ந்திருக்கும். விரல்நுனியால் நெம்பினால் பொத்தென்று வரும். முழுக் கோழியிலும் ருசியானது இந்த இரண்டு துண்டுதான். இதை அறியாமல் எலும்போடு எறிகிற வீடுகள் எத்தனையோ. பிரிப்பவரே இதை வாயில் போட்டுக்கொள்ளலாம். அது அவருடைய கூலி.

கழுத்தடி, விலா, வால்பக்கம் என்று தடவிப் பார்த்தால் இன்னும் ஒரு கைப்பிடி பொடிக்கறி தேறும். அதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், ரசத்துக்கு ஆகும். தோலில் கருகின இடங்களை மட்டும் கிள்ளி எறிந்துவிடுங்கள். கருகல் ஒரு துளி போனாலும் ரசம் கசக்கும்.

சுட்டபின் ஏறக்குறைய 900 கிராம் எடையுள்ள கோழியில், தோலும் எலும்பும் போக அரைக் கிலோவை ஒட்டிக் கறி இருக்கும். கால்களும் இறக்கைகளும் அன்றைக்கே போய்விட்டால், மறுநாளைக்கு 250 முதல் 300 கிராம் மிஞ்சும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். இதைத் தட்டில் துண்டாக வைத்தால் இரண்டு பேருக்குக்கூடப் போதாது. பிய்த்து, முட்டையோடும் பரோட்டாவோடும் மாவோடும் சேர்த்தால் நாலு பேர் வீட்டில் மூன்று வேளை ஓட்டலாம். எலும்பு ரசம் தனிக்கணக்கு.

நேரக் கணக்கு

சமைத்த கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சித்திரை வைகாசியில் சென்னையிலோ மதுரையிலோ ராத்திரி எட்டு மணிக்கும் அடுக்களை அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதனால்தான் சாப்பிடும் முன்பே பிரித்து வைக்கச் சொன்னேன். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தொலைக்காட்சி பார்த்துவிட்டு வருவதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். கடையில் கோழி பெட்டியை விட்டு வெளியே வந்த நேரத்திலிருந்தே கணக்கு ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

“கெட்டால் என்ன, நன்றாகச் சுடவைத்தால் கிருமி செத்துவிடுமே” என்று சொல்பவர்கள் உண்டு. கிருமி சாகும். சில கிருமிகள் கறியில் விட்டுப்போன நஞ்சு சாகாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்கிற, நம் கையிலும் மூக்கிலும் இருக்கும் கிருமி கக்கும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. ஆகவே நேரம் தப்பிய கறியை அடுப்பு காப்பாற்றாது. பிரிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வதும் இதற்குத்தான்.

தட்டையான டப்பாவில், இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி மூடி வையுங்கள். குவித்து வைத்தால் நடுக்கறி ஆற வெகுநேரம் பிடிக்கும். ஃப்ரிஜ் 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் மூன்று, மிஞ்சிப்போனால் நாலு நாள் தாங்கும். கதவுப் பக்கம் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். கரண்ட் போனால், கதவைத் திறக்காத ஃப்ரிஜ் நாலு மணி நேரம் குளிர் காக்கும். அதற்கு மேல் போனால் அந்தக் கறியை மறந்துவிடுங்கள். மூன்று நாளுக்குள் தீர்க்க முடியாது என்று தெரிந்தால், முதல் நாளே நூறு நூறு கிராமாகக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். இரண்டு மாதம் வரை ருசி குன்றாது.

கூடவே வரும் மயோனைஸை மட்டும் ஒருநாளும் எடுத்து வைக்காதீர்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததே அதில் வளரும் கிருமிகளால்தான். மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எலும்பு ரசம்

என்னைக் கேட்டால், கிரில் கோழி வாங்குவதே இந்த ரசத்துக்காகத்தான் என்பேன். பச்சை எலும்பில் வைக்கும் ரசத்தைவிட இதில் ஒரு படி மணம் கூடுதல். எலும்பு ஏற்கெனவே தணலில் சிவந்திருக்கிறது. வதக்கும் வேலையைக் கடைக்காரரே முடித்துக் கொடுத்துவிட்டார்.

எலும்புக்கூட்டை நாலாக உடைத்துக் குக்கரில் போடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மசாலாவை ஒருமுறை தண்ணீரில் அலசிவிடுவது நல்லது. கடை மசாலாவில் உப்பும் கலர்ப்பொடியும் தாராளமாக இருக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி. உப்பு வேண்டாம். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து 40 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும், கரண்டியால் விசிலைத் தூக்காதீர்கள். அவசரமாக ஆவியை விட்டால் உள்ளே கொதித்துப் புரண்டு சாறு கலங்கிவிடும்.

வடிகட்டினால் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குத் தங்க நிறத்தில் சாறு இருக்கும். ஆறவைத்து ஃப்ரிஜ்ஜில் வைத்து மறுநாள் காலை பாருங்கள், கரண்டியால் தட்டினால் ஆடுகிற பதத்தில் உறைந்திருக்கும். மூட்டுகளிலும் தோலிலும் உள்ள கொலாஜன் நீண்ட சூட்டில் ஜெலட்டினாக மாறிக் கரைந்திருப்பதுதான் இது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். உறைந்தால் சாறு நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். மேலே படிந்திருக்கும் கொழுப்பை வழித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். முட்டைப் பொடிமாஸ் கிளற ஒரு ஸ்பூன் அதில் போட்டுப் பாருங்கள்.

இனி ரசம். மிளகு இரண்டு ஸ்பூன், சீரகம் ஒன்றரை ஸ்பூன், மல்லி ஒரு ஸ்பூன், பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் ஆறு. இவற்றை இடிகல்லில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் விழுதாக்கினால் ரசம் குழம்பு மாதிரி ஆகிவிடும். நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இடித்ததைப் போட்டு மணம் கிளம்பும்வரை புரட்டுங்கள். இரண்டு தக்காளியைக் கையாலே பிசைந்து விட்டு, மஞ்சள்தூள் போட்டு, பச்சை வாசனை போக வதக்குங்கள். ஒரு லிட்டர் சாற்றை ஊற்றுங்கள். புளி ரசத்தை நுரை கட்டியதும் இறக்குவோம், இதை ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடலாம். அதன்பிறகு உப்பைச் சுவை பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் பாதி உப்புக்கூடத் தேவைப்படாது. எடுத்து வைத்த பொடிக்கறியைப் போட்டு, மல்லித்தழை தூவி மூடிவிடுங்கள். சாதத்தில் விட்டுப் பிசைந்தும் சாப்பிடலாம், சளிபிடித்த பிள்ளைக்கு டம்ளரில் ஊற்றியும் கொடுக்கலாம்.

மீதி இருக்கும் கால் லிட்டர்ச் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். அடுத்து வரும் கொத்து பரோட்டாவுக்கும் கறி தோசைக்கும் அது வேண்டும். கொஞ்சம் எலும்பு கூடுதலாக இருந்து சாறு நிறைய வந்தால், சீரகச் சம்பாவில் குஸ்கா போடலாம். வழக்கமாக விடும் தண்ணீர் அளவுக்குச் சாறு, அவ்வளவுதான். பிரியாணி மட்டும் வேண்டாம். பிரியாணியில் பச்சைக்கறி வேகும்போது விடுகிற நீர்தான் அரிசிக்குள் போகிறது. வெந்த கறி அரிசிக்குக் கொடுக்க ஒன்றும் வைத்திருக்காது. கறி தனியாக, சோறு தனியாக நிற்கும்.

கொத்து பரோட்டா

திங்கள் இரவுக்கு ரசம் என்றால் செவ்வாய்க்கு இது. பரோட்டா நாலு, முட்டை மூன்று, நெஞ்சுக்கறி நூறு கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு. பரோட்டா முந்தின நாளையது என்றால் இன்னும் நல்லது, குழையாமல் உதிரும்.

கறியைக் கத்தியால் நறுக்காமல் கையால் நார் நாராகப் பிய்த்து, இரண்டு ஸ்பூன் சூடான எலும்புச் சாற்றில் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிஜ்ஜில் காய்ந்துபோன நெஞ்சுக்கறிக்கு ஈரம் திரும்ப இது ஒன்றுதான் வழி. இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, தக்காளி வதக்கி, கரம் மசாலா ஒரு சிட்டிகை போடுங்கள். முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, அரைவேக்காட்டில் பிய்த்த பரோட்டாவைச் சேருங்கள். சால்னா இருந்தால் அரைக் கப், இல்லாவிட்டால் எலும்புச் சாறு அரைக் கப்பில் மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் கலந்து தெளியுங்கள். இப்போது ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்துங்கள். கடைக்காரரின் தகடு இல்லாத வீட்டுக்கு டம்ளர்தான் தகடு. நான்ஸ்டிக் கல்லில் இதைச் செய்யாதீர்கள். கறியை எல்லாம் கொத்தி முடித்த பிறகு போட்டு, ஆவி பறக்கச் சூடேறும்வரை இரண்டு நிமிடம் புரட்டி இறக்குங்கள்.

கறி தோசை

மதுரைக் கடைகளில் கறி தோசை என்றால் ஆட்டுக்கறி. அதே முறை மீந்த கோழிக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கும் தோசைமேல் வைப்பது வெந்த கறியைத்தான். 80 கிராம் கறியைப் பொடியாக நறுக்குங்கள். சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு வதக்கி, சாற்றில் ஒரு கரண்டி விட்டுச் சுண்டவைத்து, கடைசியில் கறியைப் புரட்டுங்கள். மாவை ஊத்தாப்பம் பருமனுக்கு ஊற்றி, மேலே அடித்த முட்டை ஒன்றைப் பரப்பி, அது இறுகும் முன் கறியை அள்ளி வைத்து அழுத்துங்கள். ஓரத்தில் எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு அரை நிமிடம். மூன்று தோசை வரும்.

கட்லெட்டும் மற்றதும்

இன்னும் நூறு கிராம் மிச்சம் இருந்தால் வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு, வெங்காயம், புதினா, மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து கட்லெட் தட்டுங்கள். முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டி, கல்லிலேயே எண்ணெய் விட்டுச் சிவக்க எடுக்கலாம். மாலைப் பலகாரமாகக் கொடுங்கள். பள்ளிக்கூட டப்பாவில் வேண்டாம். காலை ஏழரைக்குக் கட்டி மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்தால் ஐந்து மணி நேரம். முன்னே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு பிள்ளையின் டப்பாவுக்கும் உண்டு.

ரொட்டியில் வைத்துச் சாப்பிட நினைப்பவர்கள் மயோனைசுக்குப் பதில் வடிகட்டிய கெட்டித் தயிரில் மிளகும் உப்பும் கலந்து கறியைப் பிசறுங்கள். போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் காஸ்ட்கோ போன்ற கடைகளில் 4.99 டாலருக்குக் கிடைக்கும் கோழி நம்மூர்க் கோழியைவிடப் பெரிது. காரம் இல்லை, உப்பு உண்டு. அங்கே எலும்பை அலச வேண்டியதில்லை. மிளகையும் பூண்டையும் மட்டும் கூட்டிப் போடுங்கள். கறி ஏறக்குறைய இரண்டு மடங்கு தேறும் என்பதால் குறைந்தது இரண்டு கட்டு முதல் நாளே ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும்.

எதைச் செய்தாலும் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். டப்பாவை மொத்தமாகச் சூடாக்கி மீண்டும் குளிரில் வைத்து மறுபடி சூடாக்கும் பழக்கம்தான் கறியையும் வயிற்றையும் கெடுக்கிறது. சூடாக்கும்போது நடுக்கறிவரை கை பொறுக்காத சூடு ஏற வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி. ஞாயிறு வாங்கிய கோழி புதன் இரவோடு முடிந்துவிட வேண்டும். வியாழக்கிழமை டப்பாவில் ஏதாவது இருந்தால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிக்கு வாசனை கிடையாது.

கடைசியாக, கடையில் செய்ய வேண்டிய ஒன்று. பணம் கொடுத்ததும் கடைக்காரர் பழக்கத்தில் கோழியைக் கட்டையில் வைத்து எட்டாகப் போட்டுவிடுவார். கத்தி எலும்பை நொறுக்கும், சில்லுகள் கறிக்குள்ளும் ரசத்துக்குள்ளும் போகும், வெட்டுப்பட்ட இடமெல்லாம் வீடு வருவதற்குள் காய்ந்துவிடும். அவர் கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “வெட்ட வேண்டாம் அண்ணே, முழுசாவே கட்டிக் கொடுங்க.”